ஒரே ரோடு... இங்க வெயில், அங்க பனி! என்.எச்.44-ல் காஷ்மீர் வரை கார்ல போறீங்களா?

தமிழ்ல நமக்கு எல்லாமே ‘பனி’தான். மார்கழிக் காலையில புல் நுனியில நிக்கிறதும் பனி, கண்மாய்க்கரையில ரோட்டை மறைக்கிறதும் பனி, குல்மார்க்ல முழங்கால் வரைக்கும் கொட்டிக் கிடக்கிறதும் பனி. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’னு சொல்லி, பாட்டிகள் காதைச் சுத்தித் துண்டு கட்டிவிடுற அந்த விருதுநகர்க் குளிர், கணக்குப் பார்த்தா 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வண்டி ஓட்டுற நமக்கு இந்த ஒரே வார்த்தைதான் முதல் சிக்கல். மூடுபனி, உறைபனி, பனிப்பொழிவு மூணும் வேற வேற ஆபத்து. மூணுக்கும் கால், கை வேற மாதிரி வேலை செய்யணும்.

இதை எதுக்கு விருதுநகர்க்காரங்ககிட்ட பேசணும்? காரணம் நம்ம பைபாஸ்லயே இருக்கு. சாத்தூர்ல வைப்பாற்றுப் பாலத்தைத் தாண்டி, விருதுநகர் வழியா மதுரைக்குப் போகுதே அந்த நாலுவழிச்சாலை, அதுதான் தேசிய நெடுஞ்சாலை 44. பெரியவங்க வாயில இன்னும் அது ‘என்.எச்.7’தான். 2010-ல நம்பர் மாத்தினப்போ, கன்னியாகுமரியில இருந்து ஸ்ரீநகர் வரைக்கும் பல பழைய சாலைகளை ஒட்டி ஒரே நம்பர் கொடுத்துட்டாங்க. 3,700 கி.மீ-க்கு மேல. சிவகாசியில கிளம்பி சாத்தூர்லயோ விருதுநகர்லயோ இந்த ரோட்டைப் பிடிச்சா, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், குவாலியர், ஆக்ரா, டெல்லி, ஜலந்தர், ஜம்முன்னு நம்பர் மாறாமலே பனிஹால் வரைக்கும் போயிடலாம்.

தீப்பெட்டி, நோட்டு, காலண்டர் லோடு ஏத்திக்கிட்டு வடக்க போற லாரிக்காரங்களுக்கு இதெல்லாம் பழக்கம். புதுசா கிளம்புறது நம்ம வயசுப் பசங்கதான். தீபாவளி சீசன் முடிஞ்சு கையில கொஞ்சம் காசு இருக்கும், நாலு பேர் சேர்ந்து ஒரு காரை எடுத்து ‘நியூ இயருக்கு ஸ்னோ’னு கிளம்புறாங்க. ரீல்ஸ்ல பார்க்கிற பனி அழகா இருக்கும். அதுல வண்டி நிக்காது என்கிறது மட்டும் ரீல்ஸ்ல தெரியாது.

உராய்வு நம்ம ஊர் சமாச்சாரம்

சிவகாசியில பிறந்தவங்களுக்கு உராய்வைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பட்டாசு ஆலையில தரையில ரப்பர் விரிப்பு, செருப்பைக் கழட்டிட்டு உள்ள போறது, இரும்புச் சாமான் கூடாதுங்கிறது எல்லாமே உராய்வுக்கும் பொறிக்கும் பயந்துதான். பனி ரோட்டுல கதை அப்படியே தலைகீழ். அங்க உராய்வு இல்லாததுதான் ஆளைக் கொல்லும்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கி.மீ வேகத்துல போறீங்க. காஞ்ச தார் ரோட்டுல பிரேக்கை அழுத்துனா சுமார் 9 மீட்டர்ல வண்டி நின்னுடும். அதே வேகம், இறுகிப்போன பனி மேலன்னா 30 மீட்டருக்கு மேல ஓடும். கண்ணாடி மாதிரி உறைஞ்ச ஐஸ்னா 60 மீட்டரைத் தாண்டும். இது பிரேக்ல கால் வெச்சதுக்கு அப்புறம் ஓடுற தூரம் மட்டும்தான். ‘அய்யோ’ன்னு மூளைக்கு உறைச்சு கால் நகர்றதுக்கு ஒரு செகண்ட் ஆகும், அதுக்கு இன்னொரு 11 மீட்டர். மொத்தத்துல மூணு ரயில் பெட்டி நீளம். அதுவும் வெறும் 40-ல. சாத்தூர் டோல்கேட்டைத் தாண்டி நாம 100-ல பறக்குறவங்க என்பதை ஞாபகம் வெச்சுக்கங்க.

இதுல மோசமானது வெள்ளையா தெரியிற பனி இல்லை. அதைப் பார்த்தா நாமே பயந்து மெதுவாப் போவோம். ‘பிளாக் ஐஸ்’னு ஒண்ணு இருக்கு. பகல்ல உருகி ரோட்டுல ஓடின தண்ணி, ராத்திரி மெல்லிசா உறைஞ்சு கண்ணாடிப் பேப்பர் மாதிரி ஒட்டிக்கும். கீழே தார் கறுப்பு அப்படியே தெரியும். ரோடு ஈரமா இருக்குன்னுதான் நினைப்போம். பாலத்து மேல, மலை நிழல் விழுற வளைவுல, டனல் வாசல்ல, விடியக்காலையில இது அதிகம். கண்டுபிடிக்க ஒரு வழி, முன்னாடி போற வண்டியோட டயரைப் பாருங்க. ரோடு பளபளன்னு ஈரமாத் தெரியுது, ஆனா டயர்ல இருந்து தண்ணி தெறிக்கலைன்னா, அது தண்ணி இல்லை.

ரோடு திறந்திருக்கா? கூகுள் மேப்பை மட்டும் நம்பாதீங்க

மேப்ல நீலக்கோடு தெரியுதுன்னா ரோடு திறந்திருக்குன்னு அர்த்தம் இல்லை. அந்த ரோட்டுல போற மத்தவங்க போன்ல இருந்து வர்ற தகவலை வெச்சுத்தான் டிராஃபிக் காட்டுது. வண்டியே போகாத, சிக்னலே இல்லாத மலைப்பாதையில அதுக்கு ஒண்ணும் தெரியாது. குளிர்காலத்துல நாலு இடத்துல பார்க்கணும், அதுவும் ஒரு வரிசையில.

முதல்ல வானிலை. கிளம்புறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே இந்திய வானிலை ஆய்வு மையத்தோட ‘மௌசம்’ ஆப்பைப் பாருங்க. நமக்கு அக்டோபர், நவம்பர்ல வங்கக்கடல் காற்றழுத்தத் தாழ்வு எப்படியோ, அவங்களுக்கு டிசம்பர்ல இருந்து ‘மேற்கத்திய இடையூறு’ அப்படி. மத்தியதரைக்கடல் பக்கம் இருந்து வர்ற ஈரக்காத்து இமயமலையில முட்டிப் பனியாக் கொட்டும். செய்தியில இந்த வார்த்தை வந்தா, அடுத்த ரெண்டு மூணு நாள் மலைப்பாதை சந்தேகம்தான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நமக்குத் தெரிஞ்சதுதானே? ஆரஞ்சு வந்தா அடிவாரத்துலயே ரூம் போட்டுடுங்க. மழைன்னா குடை பிடிச்சு சமாளிக்கிற மாதிரி இது இல்லை.

ரெண்டாவது பனிச்சரிவு. இதுக்குன்னே பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையில சண்டிகர்ல ஒரு ஆய்வகம் இருக்கு, டி.ஜி.ஆர்.ஈ-னு பேர். அவங்க எச்சரிக்கையில மாவட்டப் பேரும் உயரமும் போட்டிருக்கும், ‘இத்தனை மீட்டருக்கு மேல’ன்னு. அதனால நீங்க போற இடத்தோட உயரம் தெரிஞ்சிருக்கணும். ஜவஹர் டனல் கிட்டத்தட்ட 2,200 மீட்டர், நம்ம ஊட்டி உயரம்தான். குல்மார்க் 2,650 மீட்டர். சோஜிலா கணவாய் 3,500 மீட்டரைத் தாண்டும். ஊட்டியில புல்லு மேல வெள்ளையா உறைபனி மட்டும் படியிற அதே உயரத்துல, அங்க ரோடே மூடிப்போகும். காஷ்மீர் எவ்வளவு வடக்கன்னு இதுலயே புரியும்.

மூணாவது, முக்கியமானது: ஜம்மு-காஷ்மீர் டிராஃபிக் போலீஸ். ஜம்மு-ஸ்ரீநகர் ரோட்டுக்கு தினமும் சாயங்காலம் அடுத்த நாளுக்கான அறிவிப்பை சோஷியல் மீடியாவுல போடுவாங்க. சின்ன வண்டி எந்த நேரத்துக்குள்ள நக்ரோட்டாவைத் தாண்டணும், உதம்பூர்ல ஜகேனியை எத்தனை மணிக்குள்ள தாண்டணும், லாரியை எந்தப் பக்கமா விடுறாங்கன்னு எல்லாம் இருக்கும். நேரம் தாண்டிப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க. கெஞ்சியெல்லாம் பிரயோஜனம் இல்லை. சில நாள் லாரிகளை ஒரு திசையில மட்டும்தான் விடுவாங்க. கிளம்பும்போது கட்டுப்பாட்டு அறைக்குப் போன் அடிச்சு உறுதி பண்ணிக்கங்கன்னு அந்த அறிவிப்புலயே எழுதியிருப்பாங்க. அதை நிஜமாவே பண்ணுங்க. மணாலி பக்கம் போறவங்களுக்கு குலு போலீஸும், லாஹௌல்-ஸ்பிதி போலீஸும் இதே மாதிரி தகவல் தர்றாங்க.

நாலாவது, அங்க இருக்கிற மனுஷங்க. நீங்க புக் பண்ணின ஹோட்டல்காரருக்கு ஒரு போன். ‘பாய், ரோடு எப்படி?’னு கேட்டா ஒரு நிமிஷத்துல உண்மை தெரிஞ்சிடும். பஞ்சாப்ல தாபாவுல நிக்கிற நாமக்கல் லாரி டிரைவர் அண்ணன்கள்கிட்டயும் கேட்கலாம். தமிழ்ல பேச ஆள் கிடைச்ச சந்தோஷத்துலயே எல்லாத்தையும் சொல்லிடுவாங்க.

ராம்பன்ல இருந்து பனிஹால் வரைக்குமான பகுதியைத் தனியாச் சொல்லணும். அங்க பனியே இல்லாட்டியும் மலையில இருந்து கல்லு உருண்டு வரும், மண் சரியும். 2025 ஏப்ரல் 20-ம் தேதி ராம்பன்ல கொட்டின மழையில நெடுஞ்சாலை மண்ணுக்குள்ள போய், நாள் கணக்கா மூடிக்கிடந்தது. அதனால ‘ஸ்ரீநகர்ல வெயில் அடிக்குது’ங்கிற தகவல் உங்களுக்கு உதவாது. நடுவுல என்னன்னுதான் பார்க்கணும்.

டனல்கள் வந்ததுல நிலைமை நிறைய மாறியிருக்கு என்பதும் உண்மை. 2017-ல செனானி-நாஷ்ரி டனல் திறந்ததும் பட்னிடாப் மேல ஏறி இறங்குற வேலை போச்சு. 2021-ல பனிஹால்-காசிகுண்ட் டனல் வந்ததும், 1956-ல கட்டின ஜவஹர் டனல் வரைக்கும் ஏற வேண்டியதில்லை. மணாலி பக்கம் 2020 அக்டோபர்ல அடல் டனல். சோன்மார்குக்கு 2025 ஜனவரியில ஒண்ணு. ஆனா டனலுக்குள்ள பனி இல்லை, அவ்வளவுதான். வாசல்ல இருக்கும். 2024 டிசம்பர் கடைசியில மணாலி சோலங்-அடல் டனல் பாதையில திடீர்ப் பனியில ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. ராத்திரி முழுக்க போலீஸ்காரங்க ஒவ்வொரு வண்டியா இறக்கிக் கொண்டு வந்தாங்க. டனல் இருக்குங்கிற தைரியத்துலதான் அத்தனை பேரும் மேல போயிருந்தாங்க.

சிம் கார்டு விஷயம். இது பலருக்கு அங்க போனதும்தான் தெரியும். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு-காஷ்மீர்லயும் லடாக்லயும் வேலை செய்யாது. லக்கன்பூர் எல்லையைத் தாண்டினதும் சிக்னல் செத்துடும். போஸ்ட்பெய்டு மட்டும்தான் எடுக்கும். நாலு பேர் போனா ரெண்டு பேர் கையிலயாவது, வேற வேற கம்பெனி போஸ்ட்பெய்டு இருக்கட்டும். மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வெச்சுக்கங்க. குளிர்ல போன் பேட்டரி கடகடன்னு இறங்கும், டாஷ்போர்டுல வைக்காம உள்சட்டைப் பாக்கெட்டுல வைங்க. ஜம்முவுக்குத் தெற்க நெடுஞ்சாலையில ஏதாவதுன்னா 1033, எங்க இருந்தாலும் அவசரத்துக்கு 112.

ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்றேன், டொரன்டோவுல இருக்கிற நம்ம ஆளுங்க காலையில காபி போடும்போதே ‘511’ஐப் பார்த்துடுவாங்க. ஒன்டாரியோ அரசோட சாலை நிலைமைத் தளம் அது, எந்த ரோடு வெறுந்தார், எதுல பனி மூடியிருக்குன்னு கலர்ல காட்டும். பக்கத்து கியூபெக்ல டிசம்பர் 1-ல இருந்து மார்ச் 15 வரைக்கும் குளிர்கால டயர் இல்லாம கார் ஓட்டினா அபராதம். நமக்கு அப்படி ஒரே இடத்துல எல்லாம் கிடைக்காததாலதான் நாலு இடம்.

ரேடியேட்டர்ல பச்சத்தண்ணியா?

வண்டியைப் பத்திப் பேசும்போது முதல் கேள்வி இதுதான். நம்ம பக்கம் நிறைய பழைய வண்டிகள்ல கூலன்ட் தீர்ந்தா குடத்துல இருந்து தண்ணிதான் ஊத்துறோம். இங்க அடிக்கிற வெயிலுக்கு அது கொதிக்காம இருந்தா போதும். அங்க ராத்திரி நிறுத்தி வெச்சா அந்தத் தண்ணி உறையும். உறைஞ்சா சுமார் 9 சதவிகிதம் விரியும். இரும்பாவே இருந்தாலும் இன்ஜின் பிளாக் விரிசல் விடும். அப்புறம் வண்டியை லாரியில ஏத்தித்தான் ஊருக்குக் கொண்டு வரணும். கிளம்புறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட சொல்லி மொத்தத் தண்ணியையும் வடிச்சிட்டு, கூலன்ட்டும் காய்ச்சி வடிச்ச தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்தச் சொல்லுங்க. மைனஸ் 30-க்கும் கீழ தாங்கும். கண்ணாடி கழுவுற வாஷர் தண்ணிக்கும் இதே கதைதான், உறையாத திரவம் ஊத்தணும்.

டீசல் வண்டின்னா, கடுங்குளிர்ல டீசல்ல இருக்கிற மெழுகு திரண்டு ஃபில்டரை அடைச்சிடும். லடாக் குளிருக்காகவே மைனஸ் 33 டிகிரி வரைக்கும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பர்ல கொண்டு வந்தது. நீங்க செய்ய வேண்டியது சுலபம், சமவெளியில அடிச்ச டீசலைக் காலி பண்ணிட்டு, மலைக்கு ஏறுற இடத்துல டாங்க் ஃபுல் பண்ணுங்க. அதுக்கப்புறம் பாதிக்குக் கீழ இறங்க விடாதீங்க. ரோட்டுல மாட்டினா அந்த எரிபொருள்தான் ஹீட்டர்.

பழைய பேட்டரி இங்க ஸ்டார்ட் ஆகும், அங்க ஆகாது. மூணு வருஷத்தைத் தாண்டியிருந்தா கடையில செக் பண்ணுங்க. டயர் வழவழன்னு இருந்தா பயணத்தையே யோசிங்க. நம்ம டயர் ரப்பர், 7 டிகிரிக்குக் கீழ போனதும் இறுக ஆரம்பிச்சிடும், பிடிமானம் குறையும். குளிர்கால டயர்ல மூணு மலை முகடும் நடுவுல பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கும். அதை இங்க வாங்கி மாட்டிட்டுப் போறது வீண் செலவு, வழியெல்லாம் சூட்டுல தேய்ஞ்சிடும். நமக்கு வேண்டியது செயின்.

ஸ்னோ செயினை டிரைவ் வீல்ல மாட்டணும். மாருதி, ஹூண்டாய் மாதிரி பெரும்பாலான சின்ன கார்கள்ல முன் சக்கரம். இன்னோவா, பொலேரோன்னா பின் சக்கரம். உங்க டயர் சைஸ் பார்த்து வாங்குங்க. மாட்டின பிறகு கொஞ்ச தூரம் உருட்டிட்டு, இறங்கி மறுபடி இறுக்கணும். 40-க்கு மேல போகக் கூடாது. பனி முடிஞ்சு தார் தெரிஞ்சதும் கழட்டிடணும், இல்லைன்னா செயினும் போகும் டயரும் போகும். இதை முதல்முறையா மைனஸ் 5-ல, இருட்டுல, விரல் மரத்துப்போன நிலைமையில பண்ணிப் பார்க்காதீங்க. கிளம்புறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல ரெண்டு தடவை மாட்டிக் கழட்டுங்க. தெருவே வேடிக்கை பார்க்கும், பரவாயில்லை.

டிக்கியில இருக்க வேண்டியதுல பாதி நம்ம வீட்டுலயே இருக்கு: கைப்பிடி சின்னதா ஒரு மண்வெட்டி, நாலு சணல் சாக்கு (சக்கரம் சுத்தினா அடியில போட), இழுக்கக் கயிறு, ஒரு பை மணல், டார்ச், கம்பளி, கடலை மிட்டாய், தண்ணி. கோவில்பட்டி வழியா வர்ற நண்பன் இருந்தா கடலை மிட்டாய்க்குக் கவலை இல்லை. ஒண்ணு மட்டும் வேண்டாம், பட்டாசு. சிவகாசின்னு சொன்னாலே ‘வெடி கொண்டு வந்தியா?’ன்னு எல்லா ஊர்லயும் கேட்பாங்க. நியூ இயருக்கு நாலு பெட்டின்னு டிக்கியில போட்டீங்கன்னா, சூடான காருக்குள்ள அது ஆபத்துங்கிறது ஒருபக்கம். காஷ்மீர் செக்போஸ்ட்ல வெடிமருந்து வாசத்தோட நிக்கிறது இன்னொரு பக்கம்.

பனிக்கு முன்னாடி புகைமூட்டம்

நம்ம லாரிக்காரங்களைக் கேட்டா, காஷ்மீர்ப் பனியைவிட ஹரியானா மூடுபனிக்குத்தான் பயப்படுவாங்க. டிசம்பர் கடைசியில இருந்து ஜனவரி முழுக்க, ஆக்ராவுல ஆரம்பிச்சு டெல்லி, பானிபட், லூதியானா வரைக்கும் சில காலையில பானெட்டுக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியாது. 50 மீட்டருக்குக் கீழ பார்வை போனா ‘மிக அடர்ந்த மூடுபனி’ன்னு வானிலை மையம் சொல்லும். அந்த வார்த்தை வந்த காலையில கிளம்பாதீங்க, பத்து மணிக்கு மேல போங்க. ஆக்ரா-நொய்டா யமுனா எக்ஸ்பிரஸ்வேயிலயே டிசம்பர் நடுவுல இருந்து பிப்ரவரி நடு வரைக்கும் கார் வேகத்தை 100-ல இருந்து 75-ஆக் குறைச்சிடுறாங்க.

மாட்டிக்கிட்டா டிம் லைட்தான். பிரைட் போட்டா வெளிச்சம் பனியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்ப வரும். இடதுபக்க வெள்ளைக்கோட்டைப் பிடிச்சுப் போங்க, கண்ணாடியை இறக்கிக் காதையும் பயன்படுத்துங்க. நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டே ஓட்டுறது நம்ம பழக்கம். பின்னாடி வர்றவருக்கு நீங்க ஓடுறீங்களா நிக்கிறீங்களான்னு தெரியாது, வேண்டாம். ரோட்டு ஓரத்துல மட்டும் நிறுத்தாதீங்க. மூடுபனி விபத்துல நின்ன வண்டி மேலதான் வரிசையா வந்து மோதுவாங்க. தாபா, பெட்ரோல் பங்க் உள்ள போயிடுங்க.

பனியில கால் எப்படி இருக்கணும்?

பச்சை முட்டையை மிதிக்கிற மாதிரி. ஆக்ஸிலரேட்டர், பிரேக், ஸ்டீயரிங் எல்லாமே. ஒரு நேரத்துல ஒரு வேலை: பிரேக் போடுறப்ப நேராப் போங்க, வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிட்டு அப்புறம் திருப்புங்க. நின்ன இடத்துல இருந்து ரெண்டாவது கியர்ல கிளப்புங்க, முதல் கியர்ல சக்கரம் சுத்தி பனியை இன்னும் வழவழப்பாக்கிடும். இறக்கத்துல கியரைக் குறைச்சு இன்ஜின் பிடிப்புல இறக்கணும். கொல்லிமலையில ஓட்டினவங்களுக்கு இது தெரியும்.

ஏத்தத்துல முன்னாடி வண்டி மேல ஏறி முடிக்கிற வரைக்கும் கீழயே நில்லுங்க. நடுவுல நின்னா மறுபடி கிளம்பாது. குறுகலான மலைப்பாதையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. இது மரியாதை மட்டும் இல்லை, சட்டமும் அதுதான்.

ஏ.பி.எஸ் இருக்கிற வண்டின்னா அவசரத்துல பிரேக்கை அழுத்திப் பிடிங்க, காலுக்கடியில தடதடன்னு அதிரும், அதுதான் அது வேலை செய்யிற லட்சணம், பயந்து எடுத்துடாதீங்க. ஏ.பி.எஸ் இல்லைன்னா விட்டு விட்டு அழுத்தணும். பின்பக்கம் வழுக்கி ஒரு பக்கமாப் போச்சுன்னா, பிரேக்கைத் தொடாதீங்க, ஆக்ஸிலரேட்டரை விட்டுட்டு, வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை மெதுவாத் திருப்புங்க. கண்ணு பள்ளத்தைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய ரோட்டைப் பார்க்கணும். முன்பக்கம் வழுக்கி வண்டி திரும்ப மாட்டேங்குதுன்னா இன்னும் ஒடிக்காதீங்க. திருப்பினதைக் கொஞ்சம் தளர்த்தி, வேகம் குறைய விடுங்க, டயர் தானாப் பிடிக்கும்.

ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீங்க, அப்படியே உறைஞ்சு பிடிச்சுக்கும். கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல் வைங்க. வைப்பரைத் தூக்கி விடுங்க. காலையில கண்ணாடியில சுடுதண்ணி ஊத்தினா விரிசல் விழும்.

பைக்ல போறவங்களுக்கு இந்தப் பகுதியில ஒரே வரிதான்: குளிர்காலத்துல வேண்டாம். புல்லட்டோட லடாக் கனவை ஜூன் மாசத்துக்கு மாத்திக்கங்க.

மாட்டிக்கிட்டா...

2022 ஜனவரி 7-ம் தேதி ராத்திரி. பாகிஸ்தான்ல இஸ்லாமாபாத் பக்கத்துல முர்ரீன்னு ஒரு மலை ஊர், நம்ம கொடைக்கானல் மாதிரி வீக் எண்டுக்குப் போற இடம். பனி பார்க்க ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே நேரத்துல மேல ஏறின. பனி கொட்டி, மரம் சாய்ஞ்சு, ரோடு அடைச்சது. விடியிறதுக்குள்ள கார்லயே 22 பேர் இறந்தாங்க. அதுல 10 குழந்தைகள். குளிர் மட்டும் காரணம் இல்லை, கார்பன் மோனாக்சைடு புகையையும் சந்தேகப்பட்டாங்க. ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏத்திட்டு தூங்கினா, வெளிய சைலன்சரைப் பனி மூடுறது யாருக்கும் தெரியாது. புகை போக வழி இல்லாம காருக்குள்ள வரும். அதுக்கு நிறம் கிடையாது, வாசம் கிடையாது. தலைவலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான்.

அதனால மாட்டினா முதல் வேலை இறங்கி சைலன்சரைச் சுத்திப் பனியை வெட்டி எடுக்கிறது. மண்வெட்டி அதுக்குத்தான். மணிக்கு ஒரு பத்து நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓடவிடுங்க, ஒவ்வொரு தடவையும் ஓடவிடுறதுக்கு முன்னாடி சைலன்சரைப் பாருங்க. காத்து அடிக்காத பக்கம் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைங்க. எல்லாரும் சேர்ந்து தூங்கக் கூடாது, ஒருத்தராவது முழிச்சிருக்கணும். காரை விட்டு நடந்து போய் உதவி தேடுறேன்னு கிளம்பாதீங்க. வெள்ளையில திசை தெரியாது, கார் கண்ணுக்குத் தெரியிற பெரிய பொருள், உங்களைத் தேடுறவங்களுக்கு அதுதான் அடையாளம். ஆன்டெனாவுலயோ கதவுலயோ சிவப்புத் துணி கட்டி விடுங்க.

எல்லாத்தையும் நாமளே ஓட்டணுமா?

என் கருத்து, வேண்டாம். இந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு முதல்முறை போறவங்க ஜம்மு வரைக்கும், நல்ல வெயில் நாள்னா ஸ்ரீநகர் வரைக்கும் ஓட்டுங்க. அதுக்கு மேல இருக்கிற பனிப்பாதையை உள்ளூர் டிரைவர்கிட்ட விடுங்க. குல்மார்க்குக்குக் கீழ டங்மார்க்னு ஒரு ஊர், அங்க இருந்து மேல 13 கி.மீ. பனிக்காலத்துல செயினோ ஃபோர் வீல் டிரைவோ இல்லாத வண்டியை அங்கயே நிறுத்திடுவாங்க. செயின் போட்ட டாக்ஸிகள் வரிசையா நிக்கும். பேரம் பேசிட்டு ஏறுங்க. சின்ன வயசுல இருந்து அந்த வளைவுல ஓட்டுற ஆள் பக்கத்துல உட்கார்ந்து, அவர் கால் எப்ப பிரேக்ல இருக்கு, எப்ப இல்லைன்னு கவனிச்சுக்கிட்டே போனா, அதைவிட நல்ல டிரைவிங் ஸ்கூல் கிடையாது.

ரோடு மூடிட்டாலும் இப்ப ஒரு வழி இருக்கு. 2025 ஜூன் 6-ல கட்ரா-ஸ்ரீநகர் ரயில் தொடங்கிடுச்சு, செனாப் ஆத்துக்கு 359 மீட்டர் மேல இருக்கிற பாலம் வழியா. காரை ஜம்முவுலயோ கட்ராவுலயோ பார்க்கிங்ல விட்டுட்டு ரயில்ல போயிட்டு வரலாம். லீவு மட்டும் ரெண்டு நாள் கூடுதலா சொல்லி வைங்க. டிசம்பர் 21-ல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் 40 நாள், காஷ்மீர்ல ‘சில்லை கலான்’னு சொல்ற கடுங்குளிர்க் காலம். அந்த 40 நாள்ல ‘திங்கக்கிழமை கண்டிப்பா ஆபீஸுக்கு வந்துடுவேன்’னு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க. ராம்பன்ல கையைக் காட்டி நிறுத்துற போலீஸ்காரருக்கு உங்க மேனேஜரைத் தெரியாது.